சைவ வீட்டில் ஒரு பூனைக்குட்டி

வெளிக்குப் பக்தி வேடம் பூண்டு உள்ளே வேறு எண்ணம் வைத்திருப்போரை 'உருத்திராக்கப் பூனை' என்று இகழ்வது தமிழ் வழக்கு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தைக் கண்டவர்கள் அந்தப் பூனையை நேரிலேயே கண்டிருப்பர். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அதனைப் பின்னங்கால்களில் நிறுத்தி, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியச் செய்து, அதன் காலடியிலே எலிகளை உலாவ விட்டிருக்கின்றான். பார்ப்போர் நகைப்பர், நாமும் நகைத்ததுண்டு. ஆயினும், சென்ற ஐப்பசி மாதம் முதலாக, அந்தப் பூனையின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கின்றதென எமக்குத் தோன்றி வருகின்றது. எலி தின்னும் பிராணியின் கழுத்தில் உருத்திராக்கத்தைக் கட்டியவன் மனிதன். கட்டிவிட்டுப் பின்னர் அதனைப் போலி என்று ஏசுபவனும் அவனே அன்றோ?

எமது இல்லம் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதிக்கு மேலே ஒரு மேட்டில் உள்ளது. மச்சம் புழங்காத வீடு. எம்முடன் வாழும் அன்னையார் யாழ்ப்பாணத்துச் சைவாசாரத்தில் ஊறியவர், வயது 78. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எமக்கோ, எமது துணைவியாருக்கோ, பிள்ளைகளுக்கோ மீன் என்பது பாடநூலில் வரும் சொல்லேயன்றி உண்ணும் பண்டமன்று. இத்தகைய வீட்டுக்கு ஐப்பசி மழையோடு மழையாக ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது.

அயல்வீட்டில் வாழும் சிங்கள அம்மையார் வளர்த்த தாய்ப்பூனை வீதியிலே முச்சக்கர வண்டியில் அகப்பட்டு இறந்துவிட்டது. அது ஈன்ற குட்டிகள் மூன்று. இரண்டுக்கு வேறு வீடுகள் கிடைத்தன. எஞ்சியது, வெண்ணிற உடம்பில் அங்குமிங்கும் கரும்புள்ளி தெறித்த பெண்குட்டி. ஏழு வாரம் நிரம்பிய அதனை எமது மகள் கையில் ஏந்தி வந்து, "அப்பா, இதுக்கு ஆரும் இல்லை" என்றாள். நாம் அம்மாவைப் பார்த்தோம். "எலிக்கு ஆகும். பாலும் சோறும் போட்டு வளர்க்கலாம்" என்று அவர் இசைந்தார். கண்டிச் சீமையில் வேலிதோறும் மிளகுக் கொடி படர்ந்திருப்பதனாலோ என்னவோ, குட்டிக்கு 'மிளகு' என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது.

புதிதாக வந்த குட்டிக்கு முதலில் வேண்டியது உணவன்று, ஒளிந்துகொள்ள ஓர் இடம். தாயையும் உடன்பிறந்தவற்றையும் இழந்து, பழகாத மணங்களுக்கும் குரல்களுக்கும் நடுவே விடப்பட்ட உயிர் அது. அதனை வீடு முழுவதும் உலாவ விட்டு, அயல்வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கைமாற்றிக் கொஞ்சுவது அன்பின் பெயரால் செய்யும் கொடுமை. நாம் புத்தக அறையைக் குட்டிக்கு ஒதுக்கி, ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய பருத்திச் சேலைத் துண்டொன்றை உள்ளே விரித்துவைத்தோம். ஒரு மூலையில் தண்ணீர். மறு மூலையில் மணல் பரப்பிய தட்டு. உண்ணுமிடமும் மலங்கழிக்குமிடமும் அருகருகே இருப்பதைப் பூனை விரும்பாது. அட்டைப் பெட்டியை அற்பமென்று எண்ணவேண்டாம். நெதர்லாந்திலுள்ள ஊத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகமொன்றுக்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றுக்கு மாத்திரம் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்து ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பெட்டி பெற்றவை மற்றவற்றிலும் விரைவாக அச்சம் தெளிந்தன.

எமது மகன் குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்க முற்பட்டான். தாய்ப்பூனை அவ்வாறு தூக்குவதை அவன் கண்டிருக்கின்றான். வைணவ ஆசாரியர்கள் கூறும் மார்ஜார நியாயத்தை மாணவர்கள் அறிவர்: குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது கிடக்க, தாயே கவ்விச் செல்லும். இறைவனிடம் அவ்வாறு அடைக்கலமாதல் வேண்டும் என்பது தென்கலையார் கொள்கை. பிடரியில் கவ்வியதும் குட்டி கைகால் தளர்ந்து அசையாதிருப்பது உண்மைதான். அதனைக் கூர்ந்து நோக்கியே அந்த உவமையை அமைத்திருக்கின்றார்கள். ஆனால் அந்த உரிமை தாயின் வாய்க்கே உரியது. நாம் தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும், மறு கை பின்னுடலின் கீழும் இருத்தல் வேண்டும்.

இனி, உணவைப் பற்றிக் கூறுவோம். பூனையும் பாலும் தமிழர் மனத்தில் பிரிக்கவியலாதவை. கம்பரும் தமது காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டார். ஆனால் தாய்ப்பாலை மறந்த பூனையின் வயிற்றில், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தையே தரும். சிறு குட்டிக்கு வயிற்றோட்டம் உயிராபத்து. குட்டி வந்த மறுநாளே அதனைப் பேராதனைக்குக் கொண்டு சென்றோம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவத்துக்கென ஒரு பீடமும், அதனைச் சார்ந்த போதனா வைத்தியசாலையும் இருப்பது கண்டிவாசிகளாகிய எமக்கு வாய்த்த பேறு. வைத்தியர் குட்டியை நிறுத்தார். 700 கிராம் இருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார். "என்ன உணவு கொடுக்கின்றீர்கள்?" என்று வினவினார். சைவ வீடு என்றோம். அவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கலானார்.

'டோரின்' என்றொரு சத்து உண்டு. மனிதனும், பெரும்பாலான நாய்களும் அதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையினால் போதிய அளவு ஆக்க இயலாது. அஃது இறைச்சியிலும் மீனிலும் உண்டு; சோற்றிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லையென்றே கூறலாம்; பாலில் உள்ளது போதாது. அச்சத்துக் கிடையாத பூனைக்குக் கண்ணின் விழித்திரை சிறிது சிறிதாக அழியும் என்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 1987ஆம் ஆண்டில், இதயத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதற்கும் அதுவே காரணமென்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த போல் பியோன் என்பாரும் அவர் குழுவினரும் காட்டினர். கடையில் வாங்கிய உணவை உண்ட பூனைகளே அவ்வாறு இறந்தன. அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் டோரினை மிகுதியாகச் சேர்க்கத் தொடங்கினர். இது மட்டுமன்று. கரட்டிலும் பூசணியிலும் உள்ள மஞ்சட்சத்தை நாம் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றோம், பூனை மாற்றாது. மேனாடுகளில், டோரினைச் செயற்கையாக ஆக்கிச் சேர்த்த தாவர உணவும் இன்று பூனைகளுக்கென விற்கப்படுகின்றது. அது போதுமா என்ற வாதம் அறிஞரிடையே முடிந்தபாடில்லை. வளரும் குட்டியை வைத்து நமது அடுப்படியில் அந்தப் பரீட்சையை நடத்தலாகாது என்றார் வைத்தியர்.

சொல்லாராய்ச்சி எமது தொழிலாதலின் ஒன்று கூறிச் செல்கின்றோம். 1827ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இச்சத்தை முதன்முதலாக எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். இடபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. இடபத்தின் பெயரையாவது தாங்கி வருகின்றதே, அம்மாவின் செவிக்கு அது சற்று இதமாக இருக்கும் என்ற நப்பாசை பஸ்ஸில் திரும்பி வரும்போது எமக்கு இருந்தது.

குட்டிகளுக்கெனச் செய்யப்பட்ட உலர் உணவுப் பை ஒன்றை வாங்கி வந்தோம். சிறு உருண்டைகள், பார்வைக்குப் பிஸ்கட் போலவே இருந்தன. ஆசிரியர் அறையில் இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "பிஸ்கட் என்று அம்மாவிடம் சொல்லிவிடும், பிரச்சினை தீர்ந்தது" என்று யோசனை கூறினார். இலகுவான வழிதான். ஆனால் அம்மா கண்ணிற் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். சிறு எழுத்தை வாசிக்க எம்மையே நம்பியிருப்பவர். அவர் வாசிக்கமாட்டார் என்ற துணிவில் ஒன்றை வேறொன்றாகச் சொல்வதற்கு நா எழவில்லை. அன்று மாலை பையைக் கையில் எடுத்து, அதில் அச்சிட்டிருந்ததை ஒன்று விடாமல் அவருக்கு வாசித்தோம். கோழி இறைச்சி, மீன்மா, கொழுப்பு, தானியம், டோரின். கூடவே, வாரத்தில் சில நாட்கள் அவித்த மீனும் சிறிதளவு கொடுக்கலாம் என்று வைத்தியர் கூறியதையும் மறைக்கவில்லை.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, கந்தசஷ்டிக்கு இன்னும் இரண்டு கிழமை இல்லை. நான் உன்ரை சித்தியின்ரை வீட்டை போய் விரதத்தை முடிச்சுக்கொண்டு வாறன்" என்றார். சித்தி வீடு யாழ்ப்பாணத்தில் உள்ளது. கோபமான சொல் ஒன்றுமில்லை. மறுநாள் காலை, அவருடைய சிறிய பயணப் பை கட்டிலருகே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மகள் அதனைப் பார்த்துவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு புத்தக அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். எமது துணைவியார் இரு பக்கமும் பேசாது சமையலைக் கவனித்தார். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற எண்ணமும் அந்நாட்களில் எழாமலில்லை. அயல்வீட்டு அம்மையார் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் அவரது வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன.

மூன்றாம் நாள் இரவு அம்மாவே பேச்சை எடுத்தார். "அந்தச் சாமான் இல்லாட்டில் கண் தெரியாமல் போயிடும் எண்டு சொன்னவையோ?" என்று கேட்டார். ஆம் என்றோம். "முழுக்கவோ?" முழுவதுமாகவே என்றோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய ஓராண்டு அவர் சுவரைத் தடவித் தடவி நடந்ததை நாம் அறிவோம். மேலும் அவர் கேட்கவில்லை. காலையில் நிபந்தனைகளை அறிவித்தார்: மீன் பின்விறாந்தையில், புறம்பான அடுப்பில், புறம்பான சட்டியில் அவியவேண்டும். அந்தச் சட்டி அடுப்படிக்குள் வரலாகாது. அவித்தவர் கைகால் கழுவியே உள்ளே வரவேண்டும். வெள்ளிக்கிழமையிலும் சஷ்டி ஆறு நாட்களிலும் மீன் இல்லை. உருண்டை மாத்திரம், அதுவும் விறாந்தையில். எமக்கு எல்லாம் சம்மதமே. முறையான குட்டி உணவு நாள்தோறும் உண்டெனில், மீன் இல்லாத நாளால் குட்டிக்குக் குறைவொன்றுமில்லை.

மீன் வாங்கும் பொறுப்பு எமக்கு வந்தது. போகம்பரைப் பக்கத்துச் சந்தையில் மரக்கறிக் கடைகளை நாம் நன்கறிவோம். மீன் பகுதியோ நாற்பது வயது கடந்தும் நாம் கால்வைத்திராத தேசம். நீர்கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் பனிக்கட்டியில் வந்தவை பலகைகளில் பரப்பிக் கிடந்தன. எதை, எவ்வளவு, எப்படிக் கேட்பதென்று அறியாது நின்ற எம்மை வியாபாரி இரக்கத்தோடு நோக்கி, "குழம்புக்கோ, பொரியலுக்கோ, ஐயா?" என்றார். "பூனைக்கு" என்றோம். 250 கிராம் சாளையை அவர் துப்புரவாக்கித் தந்துகொண்டிருந்த அந்த நேரத்திலேதான், பின்னாலிருந்து "சேர்!" என்றொரு குரல் கேட்டது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாயாருடன் நின்றான். அவன் கண்கள் எம்மையும் பார்சலையும் மாறிமாறிப் பார்த்தன. முந்திய வாரந்தான் அவ்வகுப்பில் புலால் மறுத்தல் அதிகாரத்தை நடத்தியிருந்தோம். மறுநாள் வகுப்பில் ஒருவகையான அமைதி நிலவிற்று. பாடத்தை நிறுத்தி, மிளகின் கதையைச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சேர், அப்ப வள்ளுவர் பூனை வளர்த்திருந்தால்?" நல்ல கேள்வி. அந்த அதிகாரம் துறவறவியலில் நிற்பதையும், அது மனிதனை நோக்கிப் பேசுவதையும் கூறினோம். ஆனாலும் அந்தச் சாளை எமது பணத்திற் பிடிபட்டதுதானே என்று அவன் விடவில்லை. அதனையும் மறுக்க இயலவில்லை. மணி அடித்துவிட்டது.

பூனைக்கு மீன் அவிப்பதிலும் அறியவேண்டியவை உண்டு. சில மீன்களின் பச்சைத் தசையில், விற்றமின் பி1 ஐ அழிக்கும் பொருள் இருப்பதால் அவித்தே கொடுத்தல் நன்று. உப்பு, மிளகாய், புளி ஒன்றும் வேண்டா. வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பன. ஆகவே, நமது வீட்டுக் குழம்பு எதுவும் அதற்கு ஆகாது. உப்பிட்ட கருவாடும் அவ்வாறே. மீன் மாத்திரமே உணவாதலும் கேடு. அஃது உபசாரமாக அமையலாமேயன்றிச் சாப்பாடாக அமையலாகாது. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் நாம் விழுங்கும் பரசிற்றமோல் குளிசையில் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். குட்டி சோர்ந்திருக்கின்றதே என்று இரக்கப்பட்டு அதனைக் கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கின்றார்கள். தீபாவளியன்று பாயசத்தை மகள் ஒரு சொட்டு நீட்டியபோது மிளகு முகர்ந்துவிட்டு அப்பால் நகர்ந்தது. இனிப்பை உணரும் சுவையரும்பு பூனை இனத்துக்கே பழுதுபட்ட ஒன்று என்பதைப் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005ஆம் ஆண்டில் மரபணு வழியே நிறுவியிருக்கின்றனர்.

சஷ்டியின் முதல் நாள் அம்மாவின் பயணப் பை கட்டிலருகில் இல்லை. எப்போது பிரித்து அடுக்கினாரோ, எவரும் காணவில்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம் என்று அன்று மாலை அவரிடம் கூறிப் பார்த்தோம். "அது வங்காளத்திலை" என்று சொல்லிவிட்டுக் கவசத்தைத் தொடர்ந்தார்.

வீட்டில் எல்லோரும் மிளகைக் கொஞ்ச விரும்ப, அது அம்மாவின் சாய்மனைக் கதிரையையே நாடிற்று. இதற்குக் காரணமுண்டு. கண்கொட்டாமல் உற்று நோக்குவது பூனையின் மொழியில் மிரட்டல். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறப்பது நட்புக் குறியாக ஏற்கப்படுகின்றது என்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். உருத்திராக்க மாலையை உருட்டியவாறு அரைக்கண் மூடியிருக்கும் மூதாட்டியைவிட நல்ல நண்பர் ஒரு குட்டிக்கு எங்கே கிடைப்பார்? விரத நாட்களில் அதனை மடியில் ஏறவிடாமல் காலால் மெல்லத் தள்ளுவார். அது காலடியிலேயே சுருண்டு படுத்துவிடும்.

நோய்க்காப்பில் கவனம் தளரலாகாது. குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரசு நோய்கள் உண்டு. அவற்றுக்கான தடுப்பூசியை எட்டு வார வயதளவில் தொடங்கி, நான்கு மாதம் வரையில் இடைவிட்டு ஏற்றவேண்டும். விசர் நோய்த் தடுப்பூசி வேறு. இலங்கையில் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் விசர் நோய் பரவுவதுண்டு. அறியாத பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டிலிருத்தல் கூடாது. மணல் தட்டை நாள்தோறும் துப்புரவாக்குதல் வேண்டும். கர்ப்பிணிகள் அவ்வேலையைச் செய்யலாகாது. பெண்குட்டி ஆறு மாதமாகுமுன்பே கருவுறக்கூடும். ஆதலால் கருத்தடைச் சிகிச்சையை வைத்தியருடன் பேசி முற்கூட்டியே முடித்துவிடுவது, நாளைக்கு இன்னும் பல குட்டிகள் கானோரத்தில் கிடப்பதைத் தடுக்கும்.

இரவில் மிளகை வெளியே விடுவதில்லை. வீதி ஒரு காரணம். மரங்களில் உறங்கும் பறவைகள் மற்றொன்று. உடவத்தகலைக் காட்டை அண்டி வாழும் எங்களுக்கு அந்தக் கடப்பாடும் உண்டு. தோட்டப்புறத்து வாசகர்களுக்கு ஒரு சொல்: தேயிலைச் செடிகளுக்குள் காணும் குட்டி எல்லாம் வீட்டுப் பூனைக்குட்டி அன்று. துருநிறப் புள்ளி கொண்ட காட்டுப் பூனை இனம் ஒன்று இந்நாட்டில் உண்டு. உலகின் மிகச் சிறிய பூனைகளுள் அஃதொன்று. அதன் தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். அதனை எடுத்துவருவது சட்டத்துக்கும் மாறானது.

இப்போது மார்கழி. திருவெம்பாவைக்காக அம்மா விடியற்காலம் நான்கு மணிக்கு எழும்போது, அக்குளிரில் எம்முள் வேறு எவரும் எழுவதில்லை. மிளகு மாத்திரம் எழுந்து அவருக்கு முன்னே நடந்து, சுவாமி அறை வாசற்படியில் நின்றுவிடுகின்றது. படி தாண்டலாகாது என்று அதற்கு எவர் கற்பித்தாரென்று தெரியவில்லை. நிறை 1,700 கிராம் ஆகிவிட்டது. கடைசித் தடுப்பூசி வரும் சனிக்கிழமை. பஞ்சாங்க நாட்காட்டியில் அந்நாளை அம்மாவே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கின்றார். அன்று ராகுகாலம் ஒன்பது மணி முதல் பத்தரை வரை. அது கழிந்த பின்னரே குட்டியைக் கூடையில் வைத்துப் புறப்படவேண்டுமென்பது கட்டளை.